துயில்கொடை

மதியச் சங்கு ஊதியதும் ஜெபக்கனி மாவுக்கடையின் ஷட்டரை இறக்கினாள். தெருவில் மற்றக் கடைகளும் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. வெயில் அடைப்பு நேரத்தில் வெளியே நடமாடினால் அபராதம் என்பது அவளுடைய சின்ன வயதில் வந்த சட்டம். இப்போது அபராதம் போட ஆள் தேவைப்படவில்லை. அந்த வெயிலில் யாரும் தானாக வெளியே வரமாட்டார்கள். பேருந்துகள் கொட்டகைக்குள் போய் நின்றுவிடும். துறைமுகத்துக் கிரேன்கள் கையை நீட்டியபடி அப்படியே நிற்கும். சாயங்காலச் சங்கு ஊதும்வரை தூத்துக்குடி முழுக்க வீட்டுக்குள் படுத்துக் கிடக்கும்.

படுத்துக் கிடப்பவர்களில் சிலருக்கு மட்டும் அது வேலை நேரம்.

ஜெபக்கனி கையில் ஒட்டியிருந்த மாவைக் கழுவினாள். ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்து, பிரிட்ஜுக்குள் வைத்திருந்த பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ரப்பர் போலச் சில்லென்று தலையைக் கவ்வியது. படுக்கையில் சாய்ந்ததும் பட்டையின் ஓரத்தில் மஞ்சளாக இருந்த வெளிச்சம் பச்சையானது. அதை அவள் பார்த்ததே இல்லை. கணவன் ஆசீர்தான் சொல்லியிருக்கிறான். அவளுக்கு அதற்குள் தூக்கம் வந்துவிடும்.

எழும்போது கனவு எதுவும் நினைவில் இருக்காது. இருக்காது என்று மகள் ரூபிலாவின் கல்லூரியில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் உடம்பில் ஏதோ மிச்சம் இருக்கும். ரூபிலா கைக்குழந்தையாக இருந்தபோது, அது அழப்போகிறது என்று காதுக்குத் தெரியும் முன்பே மார்பு கனத்துவிடும். அந்த மாதிரி ஒரு கனம். கூடவே, கேட்டிராத செய்திகளும் சில தெரிந்திருக்கும்.

அன்றைக்கு அவள் எழுந்து உட்கார்ந்தபோது ஆசீர் வாசலறையில் தேநீரோடு காத்திருந்தான். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இரவு வண்டி ஓட்டுகிறவன் அவன். காலையில் வந்து தூங்கி, அவள் விழிக்கும் நேரத்துக்கு எழுந்துவிடுவான்.

"என்ன சொல்லுதா பாப்பா?"

"காது வலி போல. வலது காது."

"டாக்டர்ட்ட போனாளாமா?"

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? வலி இருந்துச்சு. இப்பம் கொறஞ்சிருக்கு."

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். "வேற?"

அந்த 'வேற'வைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அவன்மேல் பாவமாக இருக்கும். மேல்மலைக் கல்வியகத்தில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வீட்டோடு பேச வாரத்தில் ஒரே ஒரு அழைப்பு. அதுவும் கொஞ்ச நேரம்தான். மகள் பிறந்த நாளிலிருந்து அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட உட்காராத மனிதனுக்கு, மனைவியின் பகல் தூக்கம்தான் செய்தித்தாள்.

"லிப்ட்டுல ஏற பயப்படுதா," என்றாள் ஜெபக்கனி, யோசித்து யோசித்து. "படியிலேயே ஏறிப் போறா. மூச்சு வாங்குது."

ஆசீர் சிரித்தான். "நம்ம பாப்பாவா? எங்கூட கிரேன் உச்சிக்கே ஏறி நின்னவ."

"அங்க புது இடம்லா. என்னமோ பயம்."

ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் கேட்டபோது ரூபிலா, காது வலியெல்லாம் ஒன்றும் இல்லை என்றாள். லிப்ட்டில்தான் தினமும் போகிறேன் என்றாள். மறைக்கிறாள் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

*

மேல்மலையில் இடம் கிடைப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை. சமவெளியின் கல்லூரிகள் வெயிலுக்குப் பயந்து ஒவ்வொன்றாக மூடிவிட, மலைமேல் இருந்த சிலதில்தான் நேரில் உட்கார்ந்து படிக்க முடிந்தது. ரூபிலா நுழைவுத் தேர்வில் நன்றாகவே எழுதியிருந்தாள். கட்டணத்தைப் பார்த்ததும் ஆசீர் எழுந்து போய்க் கடல் பக்கம் நின்றுவிட்டு வந்தான். உதவித்தொகை கேட்டு எழுதினார்கள். நேர்காணலுக்கு வரச்சொன்னார்கள், பிள்ளையை அல்ல, பெற்றோரை.

அங்கே கேள்விகள் அதிகம் இல்லை. வெள்ளைத் திரை போட்ட அறையில் இருவரையும் தனித்தனியாகப் படுக்க வைத்து, நெற்றியில் பட்டை கட்டி, தூங்கச் சொன்னார்கள். வெளியே பனி. இருவரும் அப்படியொரு குளிரை வாழ்க்கையில் அனுபவித்தது இல்லை. ஜெபக்கனி போர்வைக்குள் சுருண்டு அயர்ந்து தூங்கிவிட்டாள்.

பெற்றோர் தொடர்பாளர் என்று ஒரு பெண் வந்து முடிவைச் சொன்னாள். நவீனா என்று பெயர். ரூபிலாவைவிடப் பத்து வயது கூட இருக்கலாம்.

"உங்க தூக்கம் ரொம்ப நல்லா இருக்கு மேம். இவ்வளவு சீரா நாங்க பாக்கிறது அபூர்வம். சாரோடது சரிவரலை. தூக்கத்துலயும் பயந்துட்டே இருக்கார்."

ஆசீர் தலையைக் குனிந்துகொண்டான். பெயிலானவன் போல இருந்தது அவன் நின்ற விதம்.

நவீனா விளக்கினாள். மலைக்கு வரும் பிள்ளைகள் முதல் வருடத்தில் உடைந்துபோகிறார்கள். யாரோடும் பேசுவதில்லை. பாதியில் போய்விடுகிறார்கள், சிலர் அதைவிட மோசமாகவும் ஏதாவது செய்துகொள்கிறார்கள். ஆலோசகர்களை வைத்துப் பார்த்தார்கள், மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் பலன் கொடுத்தது இதுதான். பெற்றவர்கள் தூங்கும்போது மனதில் ஓடும் பரிவை எடுத்து, ஒரு மாணவரின் காதில் பொருத்திய செவிமணி வழியாகக் கொடுப்பது. பேச்சு இல்லை, படம் இல்லை. பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வு மட்டும். இதற்குத் துணைமனம் என்று பெயர். ஒரு வருடம் தினமும் பகலில் தூங்கிக் கொடுத்தால் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி.

"தூங்கினா போதுமா?" என்று ஜெபக்கனி திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"தூங்கினா போதும் மேம். இதைத் துயில்கொடைன்னு சொல்வோம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மகளுக்காகத் தூங்குவதற்குக் கூலியா? சும்மாவே செய்திருப்பாளே.

*

கார்த்திகை போய் மார்கழி வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிள்ளைகளை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆசீர் விடியுமுன்பே பேருந்து நிலையத்துக்குப் போய் நின்றுகொண்டான். ஜெபக்கனியும் போயிருந்தாள். மலைப் பேருந்து வந்து நின்று, மூன்றாவதோ நான்காவதோ ஆளாக ரூபிலா இறங்கினாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

ஆசீர் ஓடிப்போய் அவள் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

ஜெபக்கனி நின்ற இடத்திலேயே நின்றாள். உடம்புக்குள் அந்தக் கனம் எழும் என்று காத்திருந்தாள். தினமும் மத்தியானம் தவறாமல் எழுகிற கனம், இத்தனை நாள் கழித்து மகளை நேரில் பார்க்கும்போது எப்படிப் பொங்கும் என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் எழவில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளை ஊரிலிருந்து வந்திருக்கிறது என்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நல்ல பிள்ளை. பத்திரமாக வந்து சேர்ந்தது.

"நல்லாருக்கியா?" என்றாள்.

"நல்லாருக்கேம்மா," என்றாள் ரூபிலா. அவளும் அப்படியேதான் நின்றாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பையைத் தூக்கக் குனிந்தார்கள்.

வீட்டில் மீன்குழம்பும் ஆப்பமும் செய்து வைத்திருந்தாள் ஜெபக்கனி. மகளுக்குப் பிடித்தது. ரூபிலா சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். கை கழுவிவிட்டு வந்து, தயங்கி, "நாளைக்கு அரிசிம்பருப்பு செய்யிதியாம்மா?" என்று கேட்டாள்.

"அது என்னது?"

"அரிசியும் பருப்பும் ஒண்ணா போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு தட்டிப் போட்டு... நெய் ஊத்தி." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். "கோயம்புத்தூர் பக்கம் செய்வாங்களாம்."

"ஹாஸ்டல்ல போட்டாகளா?"

"இல்லம்மா. நான் இதுவரை சாப்பிட்டதில்ல." ரூபிலாவே குழம்பிப்போய்த் தாயைப் பார்த்தாள். "ஆனா அந்த ருசி தெரியுது."

மூன்றாம் நாள் ரூபிலாவுக்குக் காய்ச்சல் வந்தது. மலையிலிருந்து இறங்கியதும் இந்த வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. ஜெபக்கனி கட்டிலில் உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டாள். ரூபிலா கண்ணைத் திறக்காமல் கையை நீட்டித் துழாவினாள். ஜெபக்கனி அந்தக் கையைப் பிடித்தாள்.

"எங்கீங் போனீங்க?" என்றாள் ரூபிலா. "பக்கத்துலயே இருங்க."

அந்தப் பேச்சு இந்த வீட்டுப் பேச்சு இல்லை. இந்தப் பெண் பிறந்தது முதல் தாயை ஒருமையில்தான் கூப்பிட்டிருக்கிறாள். ஜெபக்கனி மெதுவாக, "அம்மா இங்கனதான் இருக்கேன்," என்றாள். ரூபிலா கண்ணைத் திறந்து பார்த்தாள். யாரென்று அடையாளம் தெரிந்தது. முகத்தில் ஓர் ஏமாற்றம் வந்து, உடனே அதை மறைக்கும் மரியாதையும் வந்தது. கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

*

மகளை அனுப்பிவிட்டு வந்த அன்றே ஜெபக்கனி நவீனாவைத் திரையில் அழைத்தாள். ஆசீர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். இங்கேயும் அங்கேயும் என்று சுற்றாமல் நேராகவே கேட்டாள்.

"என் தூக்கம் யாருக்குப் போகுது?"

நவீனா கொஞ்சமும் தடுமாறவில்லை. "ஒரு முதலாண்டு மாணவிக்கு மேம்."

"எம் மகளுக்கு இல்லையா?"

"உங்க மகளுக்கு வேற ஒரு பெற்றோர் கொடுக்கிறாங்க. அன்னைக்கே சொன்னோமே மேம். ஒரு மாணவருக்குன்னுதான் சொன்னோம். உங்க மகளுக்குன்னு சொல்லலை."

அது உண்மைதான் என்று ஜெபக்கனிக்கு அந்த நொடியே தெரிந்தது. அவர்கள் சொன்னது ஒன்று, தாயின் காது கேட்டுக்கொண்டது ஒன்று.

"சொந்தப் பிள்ளைக்கே இணைச்சுப் பாத்தோம் மேம், ஆரம்ப வருஷங்கள்ல," என்றாள் நவீனா. குரலில் இரக்கம் இருந்தது. "பாசத்தோட பயமும் சேர்ந்து போயிடுது. மார்க் என்னாகும், வேலை கிடைக்குமா, செஞ்சதெல்லாம் வீணாயிடுமோன்னு. தூக்கத்துலகூடப் பெத்தவங்களால அதை விட முடியலை. பிள்ளைங்க இன்னும் அதிகமா உடைஞ்சுபோனாங்க. அடுத்தவங்க பிள்ளைன்னா அந்தப் பயம் இல்லை. வெறும் பரிவு மட்டும் போகுது. சுத்தமா."

"அது எங்கேர்ந்து போகுது?"

"புரியலை மேம்."

"எனக்குள்ள இருந்துதான போகுது? நீங்க எடுக்க எடுக்க, எம் பிள்ளைக்குன்னு வச்சிருந்தது கொறையுமா?"

திரையில் நவீனா முதல் முறையாகப் பார்வையைத் தாழ்த்தினாள். "அதைப் பத்தி ஆய்வு நடந்துட்டு இருக்கு மேம்." பிறகு, "நீங்க எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம். யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. கட்டணத் தள்ளுபடி மட்டும் நின்னுடும்," என்றாள்.

"நான் நிறுத்திட்டா அந்தப் பிள்ளைக்கு?"

கேட்ட பிறகுதான் கவனித்தாள். ரூபிலாவின் படிப்பு என்னாகும் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

"நடு வருஷத்துல மாத்து கிடைக்கிறது கஷ்டம் மேம்," என்றாள் நவீனா. "அந்தப் பொண்ணு முன்னாடி ரொம்ப மோசமான நிலைமைல இருந்தா. இப்ப தேறிட்டு வர்றா. உங்களாலதான்."

சாயங்காலம் ஆசீரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே வந்தவன், காது வலி என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான்.

"அப்பம் இத்தன நாளும் நீ எனக்குச் சொன்னதெல்லாம்?"

"வேற பிள்ளையப் பத்தி."

அவன் எழுந்து சுவரைப் பார்த்து நின்றான். எவளோ ஒரு பெண்ணின் காது வலிக்காக அவன் மாதாகோவிலில் மெழுகுவர்த்தி வைத்திருக்கிறான். அவளுடைய பரீட்சைப் பயத்துக்காக ஒரு வேளை சாப்பிடாமல் உபவாசம் இருந்திருக்கிறான்.

"நாளைலேர்ந்து அதக் கட்டாத கனி. பீஸ நான் பாத்துக்கிடுதேன். பகல் வண்டியும் எடுக்கேன், வீட்ட வேணும்னாலும் வைக்கேன். எனக்கு எம் பிள்ள பிள்ளையா வேணும்."

"சரி," என்றாள்.

மறுநாள் சங்கு ஊதியது. ஜெபக்கனி ஷட்டரை இறக்கினாள், கையைக் கழுவினாள், ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தாள். பிரிட்ஜைத் திறக்கும்போது ஆசீர் வந்து குறுக்கே நின்றான்.

"இன்னைக்கு மட்டும்," என்றாள். "அதுக்குப் பரீட்சை இன்னைக்கு. தனியா விட முடியாது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும்."

அவள் முகத்தில் என்ன பார்த்தானோ, விலகி வழிவிட்டான். அவள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மறுநாளும் அவள் பிரிட்ஜைத் திறந்தாள், அதற்கு மறுநாளும். அவன் குறுக்கே வருவதை விட்டுவிட்டான். அவள் விழித்து வரும்போது தேநீர் இருக்கும். பக்கத்தில் ஆள் இருக்கமாட்டான். என்ன சொல்லுதா என்று அந்த வீட்டில் அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

*

ஏப்ரல் கடைசியில் பெற்றோர் நாள் வந்தது. அன்றோடு முதலாண்டு முடிகிறது. பெற்றோர்கள் போய்ப் பிள்ளைகளைக் கோடை விடுமுறைக்கு அழைத்துவர வேண்டும். ஆசீர் புதுச் சட்டை எடுத்திருந்தான். பயணம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

கல்லூரி வாசலில் பெரிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வைத்திருந்தார்கள். அது நிறைய செவிமணிகள், வேப்பங்கொட்டை அளவில், பால் நிறத்தில். காலையிலேயே எல்லாப் பிள்ளைகளின் காதிலிருந்தும் கழற்றிவிட்டார்களாம். அதைப் பார்த்ததும் ஆசீரின் முகத்தில் பல மாதம் கழித்து ஒரு தெளிவு வந்தது. "கழட்டியாச்சு கனி," என்றான். "முடிஞ்சுது. இனிமே ஒண்ணும் இல்ல."

மைதானத்தில் பெற்றோர்களை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார்கள். பனி இறங்கி, எதிர்ப்புறக் கட்டடம் அரைகுறையாகத் தெரிந்தது. ஒலிபெருக்கியில் நவீனாவின் குரல் கேட்டது.

"அன்பான பெற்றோர்களே, இன்னும் சற்று நேரத்தில் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் யாரிடம் போய் நின்றாலும் தயவுசெய்து தடுக்க வேண்டாம். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்."

கூட்டத்தில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பலர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

கதவு திறந்து பிள்ளைகள் வந்தார்கள். ஓடவில்லை, கூச்சல் இல்லை. புல்லின் மேல் நடக்கும் சத்தம் மட்டும். கூட்டத்துக்கு முன் வந்ததும் மெதுவாகி, முகம் முகமாகப் பார்க்காமல், எங்கே போக வேண்டும் என்று தெரிந்தவர்களாகப் பிரிந்து போனார்கள்.

"பாப்பா!" என்று ஆசீர் இரண்டு கையையும் தூக்கினான்.

ரூபிலா வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள். "எளச்சிட்டீங்கப்பா," என்றாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய பார்வை அவன் தோளைத் தாண்டிப் போனது. பந்தலோரத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒல்லியான பெண் ஒருத்தி டிபன் கேரியரோடு நின்றிருந்தாள். ரூபிலா அப்பாவின் கையை விலக்கிவிட்டு, ஜெபக்கனியைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் போனாள்.

"வந்துட்டியா சாமி," என்றாள் அந்தப் பெண். ரூபிலா அவள் காலைக் கட்டிக்கொண்டு, சேலையில் முகத்தைப் புதைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. பேருந்து நிலையத்தில் ஜெபக்கனி எதிர்பார்த்து நின்ற அழுகை அது.

ஜெபக்கனிக்கு வலிக்கவில்லை. வலிக்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அவளுக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். உயரமான, கண்ணாடி போட்ட பெண். விலையுயர்ந்த கம்பளிச் சட்டை. அவளைத் தேடி யாரும் வந்திருக்கவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"என் பேர் தாரிகா," என்றாள் அவள். "உங்களத் தெரியாது எனக்கு. ஆனா..."

ஜெபக்கனியின் உடம்புக்குள் அந்தக் கனம் எழுந்தது. விழித்திருக்கும்போது, முழு வெளிச்சத்தில், முதல் முறையாக. "காது இப்ப எப்பிடிம்மா இருக்கு?" என்று கேட்டாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

மைதானம் முழுக்க அதுதான் நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவரின் பிள்ளை யாரோ ஒருவரின் தோளில். எங்கும் சண்டை இல்லை. எல்லார் முகத்திலும் ஒரு நிறைவு. பட்டை கட்டாத சிலர் மட்டும் நடுநடுவே தனியாக நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பச்சைச் சேலைக்காரி ரூபிலாவை அணைத்தபடி ஜெபக்கனியிடம் வந்தாள். கோயம்புத்தூரை அடுத்த கோபி ஊர்க்காரி, கலாமணி என்று பெயர்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் கலாமணி. "லீவுக்கு எங்கூட வரேங்கறா. நான் கூப்புடலீங். அவளாத்தான் கேட்டா. உங்க புள்ளையாச்சே, உங்களக் கேக்காம எப்படிங்?"

"உங்க பிள்ள?"

"பையனுங். அந்தா, யாரோ ஒரு அய்யாவோட நின்னு சிரிச்சுட்டிருக்கான்." கலாமணி அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. "போய்ட்டு வரட்டும்."

"நான் போகட்டுமாம்மா?" என்று ரூபிலா கேட்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் அனுமதி கேட்கும் குரல்.

ஜெபக்கனி தாரிகாவைப் பார்த்தாள். இவளை இங்கே விட்டுவிட்டு எப்படிப் போவது என்ற கவலைதான் காலையிலிருந்து தன்னை அரித்துக்கொண்டிருந்தது என்று இப்போது புரிந்தது. ரூபிலா போனால் இவளைக் கூட்டிப்போகலாம், அந்தக் கவலை தீர்ந்தது. நெஞ்சு லேசானது.

"போயிட்டு வா," என்றாள்.

"என்னது?" ஆசீர் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினான். "என்ன சொல்லுத நீ? நம்ம பிள்ளட்டி அது! பெத்தவ நீ இங்க நிக்க, எவ கூடயோ போறேன்னு சொல்லுதா, போயிட்டு வான்னு அனுப்புத?"

"கொஞ்ச நாள்தானங்க."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "இங்க நான் ஒருத்தந்தான் பைத்தியமா?" என்று உரக்கக் கேட்டான். யாரும் திரும்பவில்லை. நவீனாதான் ஓடிவந்தாள்.

"சார், எல்லா வருஷமும் நடக்கிறதுதான் சார். ரெண்டு மாசத்துல சரியாயிடும்."

"எல்லாருக்கும் சரியாவுமா?"

நவீனா ஒலிபெருக்கி இருந்த பக்கம் திரும்பி நடந்தாள்.

சாயங்காலம் பேருந்துகள் வந்து வரிசையாக நின்றன. ஊர்ப் பெயர்கள் பலகையில் எரிந்தன. தாரிகாவின் பெட்டியை ஜெபக்கனி தூக்கி வைத்தாள். மாவுக்கடையைப் பற்றி, கடற்கரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். வெளியே ஆசீர் இரண்டு பேருந்துக்கும் நடுவில் நின்றான். கோபி வண்டி முதலில் உறுமியது. அவன் திரும்பி ஜெபக்கனியைப் பார்த்தான். கண்ணீர் வழிந்து புதுச் சட்டையின் கழுத்து நனைந்திருந்தது. வா என்று கையை அசைத்துக் கூப்பிட்டான். ஒரு தடவை, இன்னொரு தடவை. ஜெபக்கனி எழுந்திருக்கத்தான் பார்த்தாள். பக்கத்தில் தாரிகா அவள் முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கோபி வண்டி நகர்ந்தது. ஆசீர் ஓடிப்போய் அதன் பின்படிக்கட்டில் தொற்றி ஏறினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கலாமணியின் அருகில் உட்கார்ந்திருந்த ரூபிலாவின் இருக்கைக்குப் பக்கத்தில் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரூபிலா நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். அதற்குள் பனி அந்த வண்டியை மூடிவிட்டது.

தூத்துக்குடி வண்டியும் புறப்பட்டது.

"அங்கிள் நம்ம கூட வரலையா?" என்று தாரிகா கேட்டாள்.

"இல்லம்மா. அவுக மக அந்த வண்டில போறாள்லா, அதான் கூடப் போறாவ."

சொல்லிவிட்டு ஜெபக்கனி வெளியே பார்த்தாள். சொன்னதில் ஏதோ ஒரு சொல் தவறு என்று தோன்றியது. உதட்டுக்குள்ளேயே திரும்பச் சொல்லிப் பார்த்தாள். வண்டி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில் சூடு ஏறத் தொடங்கியது. இன்னொரு தடவையும், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.